பேர் சொல்லி அழைத்த குற்றம்

"கையெழுத்துப் போட்டுருங்க காஞ்சனா. ஒரு நிமிஷ வேலைங்க."

சுதர்சன் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தான். டீம் லீடர். கோயம்புத்தூர்க்காரன், கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பான். ஹப்சிகுடாவில் அந்தக் கால்சென்டரின் மூன்றாவது மாடி, லண்டன் ஷிப்ட் தொடங்கிய மத்தியானம். தாளில் இரண்டே வரி. எனக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. என் மரியாதைக் குறைவால் வாடிக்கையாளரை அவமதித்தேன். போட்டால் வேலை இருக்கும், போடாவிட்டால் இன்றோடு சரி. மல்காஜ்கிரி வீடு அப்பாவின் ரயில்வே பென்ஷனிலும் இவள் சம்பளத்திலும்தான் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

"முதல்ல இதைக் கேளுங்க."

நேற்றைய அழைப்பின் பதிவை ஓடவிட்டான். இங்கிலாந்தில் எங்கோ ஒரு வயதான பெண்மணி, திருமதி விட்லாக், போன் இணைப்பு தன் கணவர் பேரில் இருப்பதாகவும், அவர் போன மாதம் இறந்துவிட்டதாகவும், தன் பேருக்கு மாற்ற வேண்டுமென்றும் நிதானமாகச் சொன்னார். பிறகு காஞ்சனாவின் குரல், கம்பெனி வைத்த கேத்தி என்ற பேரில், சிரித்துக்கொண்டே: ஸோ சாரி டோரத்தி. கவலைப்படாதீங்க டோரத்தி. ஹேவ் எ கிரேட் டே, டோரத்தி. அப்புறம் அந்தப் பெண்மணி, "என்னை டோரத்தி என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார். நீ யார்?" என்று கேட்டார்.

காஞ்சனாவுக்கு முகம் எரிந்தது. பால் பாக்கெட் விற்பவளைக்கூட அக்கா என்று கூப்பிடாமல் அவள் பேசியதில்லை.

"வயசானவங்களைப் பேர் சொல்லியா கூப்பிடுவீங்க? வீட்டுல என்ன சொல்லி வளத்தாங்க?"

"வீட்டை இழுக்காதீங்க. சேந்த புதுசுல நான் மேடம் மேடம்னுதான் பேசினேன். ஒவ்வொரு மேடத்துக்கும் ரெண்டு மார்க் கட் பண்ணது யாரு? அமெரிக்காக்காரிக்கு மேடம்னா கிழவின்னு திட்டுன மாதிரி, பேரைச் சொல்லு, சிரின்னு போர்டுல எழுதுனது யாரு?"

"அது அமெரிக்காவுக்குங்க."

"திங்கக்கிழமை லண்டனுக்கு மாத்துனீங்களே, என்ன சொல்லிக் குடுத்தீங்க? எலிவேட்டர்னா லிஃப்ட்டு, கேஸுன்னா பெட்ரோல். அரை மணி நேரம். ரெண்டும் இங்கிலீஷ்தானே, போய் உக்காருங்கன்னீங்க."

சுதர்சன் கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டான். "ட்ரெயினிங் குடுத்ததா கிளையன்ட்டுக்குச் சொல்லியாச்சுங்க."

"அதானே பார்த்தேன்." அவள் குரல் தணிந்தது. "அந்தம்மாகிட்ட ஒருவாட்டி நானே மன்னிப்புக் கேக்கறேன்."

"அது புரொசீஜர்ல இல்லைங்க. அஞ்சு மணிக்குள்ள தாளைக் குடுத்துருங்க."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் ஜேம்ஸ், ஆஸ்திரேலியாவுக்குப் பேசுகிறவன், மல்காஜ்கிரிப் பையன்தான். தாளை எட்டிப் படித்தான்.

"என் ஆளுங்க பேரைச் சொல்லலைன்னாதான் கோவிச்சுக்கறாங்க. நேத்து ஒரு தாத்தா என்னைய மேட்டுன்னாரு, கூட்டாளின்னு அர்த்தம், நானும் மேட்டுன்னேன், பத்துக்குப் பத்து."

"நான் பண்ணது தப்புதான் ஜேம்ஸ். அந்தம்மாவுக்குப் பண்ணது. இவனுங்களுக்கு இல்ல."

"ஹவ், ஆமா, அநியாயம்தான். ஆனா சண்டை நக்கோ, வேணாம். போட்டுட்டு வேலையைப் பாரு."

அவள் நேற்றைய கணக்கைத் திரையில் திறந்தாள். பேர் பத்தியில் இன்னும் இறந்தவர் பேரே இருந்தது. எண்ணை அழுத்தினாள். ஜேம்ஸ் தன் ஹெட்செட்டைக் கழற்றினான். கண்ணாடி அறைக்குள் சுதர்சன் திரையைப் பார்த்து எழுந்து நிற்பது தெரிந்தது.

அமெரிக்க வீடுகளில் மணி ஒற்றையாக நீண்டு அடிக்கும். இங்கே இரண்டிரண்டாக அடித்தது. ஆறாவது தடவை எடுத்தார்கள். அந்தக் குரல் ஹலோ சொல்லவில்லை; அங்கே பழைய தலைமுறை போனை எடுக்கிற முறைப்படி, தன் வீட்டு எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் சுதர்சனின் காலடிச் சத்தம் வேகமாக நெருங்கியது. காஞ்சனா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, கடைசி இலக்கம் வரைக்கும் காத்திருந்தாள்.