பத்து எண்ணும் வரை

1
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாரோ ஒருத்தியின் பொறாமையை நான் வெளியே நின்று பார்த்து எழுதுகிறேன்.

(பொய். அந்த ஒருத்தி, ஒரு பள்ளியில் ஆறு வருடம் துணை ஆசிரியையாக இருந்த நான்தான். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் வெட்கம் குறைகிறது, அவ்வளவுதான்.)

2
மூன்றாம் வகுப்பு, ஜன்னலோர மேஜை. அங்கே உட்காரும் சிறுமியை வகுப்பே 'மேடம்' என்று கூப்பிடும்; நடை அப்படி. கோப்பில் அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதியிருக்கும். எதையும் கற்க அவளுக்கு நேரம் பிடிக்கும். அவளுக்கு உதவத்தான் துணை ஆசிரியை.

மேஜை விளிம்பில் வரிசையாகப் படச் சீட்டுகள் ஒட்டியிருக்கும்: நோட்டு, கணக்கு, தண்ணீர், பை. "அடுத்து என்ன?" என்று கேட்டால் மேடம் அடுத்த வேலைக்கான சீட்டைத் தானே பிய்த்துக் கொடுக்க வேண்டும். துணை ஆசிரியைக்கும் ஒரு விதி உண்டு. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அதுவரை கை நீட்டக் கூடாது.

3
கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அன்பே உருவான துணை ஆசிரியை ஒரு நாள்—'

அடித்துவிட்டேன். அன்பு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே வயிற்றெரிச்சலும் இருந்தது. பக்கத்து இருக்கை வாயாடிதான் காரணம். துணை ஆசிரியை நான்கு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்ததை, அந்தப் பொடிசு ஒரே இடைவேளையில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

"மிஸ், பாருங்க! மேடம் தானாவே எடுத்துட்டா!"

"சரி சரி, நீ உன் வேலையைப் பாரு."

(அந்த நேரத்தில் சொல்லக் கூடிய வார்த்தையா இது?)

அதன் பிறகு துணை ஆசிரியை ஆறு வரைதான் எண்ணினாள். ஏழில் மேடம் வாயாடியைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்குள் இவள் கை சீட்டுக்குப் போய்விடும். மேடம் மறுபடி மிஸ் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள். அது துணை ஆசிரியைக்கு இனித்தது.

4
வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை படிவத்தோடு வந்து கதவருகே நின்றார். ஒரே கேள்வி: மேடம் யாருடைய உதவியும் இல்லாமல் செய்கிறாளா? ஆம் என்றால் மேடம் இதே வகுப்பில், வாயாடி பக்கத்தில். துணை ஆசிரியை வேறு வகுப்புக்குப் போக வேண்டும். இல்லை என்றால் தனி அறை. மேடமும் மிஸ்ஸும் மட்டும்.

முடிவு அ: பத்து எண்ணுகிறாள், மேடம் எடுக்கிறாள், வகுப்பே கைதட்டுகிறது. (நன்றாகத்தான் இருக்கிறது.)

முடிவு ஆ: ஆறில் கை நீள்கிறது. (இதுதான் நடந்தது. தனி அறையில் மேடம் முதல் நாள் கேட்டாள்: "வாயாடி எங்க?" மறுநாளும் கேட்டாள். நான் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.)

5
அதனால் மறுபடி எழுதிப் பார்க்கிறேன். கதவருகே தலைமை ஆசிரியை.

"மேடம், அடுத்து என்ன?"

ஒன்று. இரண்டு. மூன்று. மேடத்தின் விரல் தண்ணீர்ச் சீட்டுக்குப் போகிறது, திரும்புகிறது. நான்கு. வாயாடி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். ஐந்து. மேடம் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஆறு.

என் கை மேஜைக்கு மேலே வந்துவிட்டது. இந்தக் கையை நம்ப முடியாது. பேனாவைக் கீழே வைக்கிறேன்.

ஏழிலிருந்து நீங்கள் எண்ணுங்கள். மெதுவாக. தயவுசெய்து அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.