கறிச்சோறு இல்லாத கூட்டம்

“நான் சொல்றத மொதல்ல கேளுங்க அண்ணி—”

“கேட்டுக் கேட்டுத்தானே தம்பி மூணு வருஷம்—”

“—தீபாவளி முடியட்டும்னு சொன்னது நான் இல்ல, நாகமுத்து அண்ணன்—”

“—யாரு சொன்னா என்ன, சம்மன்ல என் பேரும் இருக்கு.”

அகதா அந்தத் தாளை மரியசூசையின் தேத்தண்ணிக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் வேலை பார்த்த தோட்டம் விற்கப்பட்ட ஆண்டு, அங்கிருந்த அறுபத்திரண்டு குடும்பங்கள் பங்கு போட்டு ஒரு கம்பெனி தொடங்கி, சுங்கை ரம்பாய் ரோட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் எட்டு ஏக்கர் வாங்கின. மரியசூசைதான் தலைவர். இயக்குநராக இருந்த அண்ணன் இறந்தபின் அந்த நாற்காலியில் அண்ணியைப் போட்டதும் அவர்தான். ஒரு கையெழுத்துதான் அண்ணி, வேற வேலையே இல்ல என்றிருந்தார்.

“ஆண்டுக் கூட்டம் வைக்கல, அதான் கேஸு. வியாழக்கிழமை ஆயர் குரோ கோர்ட்டுல நிக்கணும். முப்பது வருஷமா மாதா கோயில்ல பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி சொல்லிக் குடுக்கிறேன் தம்பி.”

“அபராதம் போடுவாங்க, கட்டிட்டு வந்துடலாம்லா.”

“கட்டினாலும் குத்தவாளி குத்தவாளிதானாம். லாயர்கிட்ட கேட்டுட்டுத்தான் வர்றேன்.”

மரியசூசை குவளையைத் தள்ளி வைத்தார்.

“வைக்க மாட்டேன்னா சொன்னேன்? மொத தடவ பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வச்சோம். ஒம்பது பேரு வந்தாங்க. ஆள் பத்தலன்னு கலைச்சிட்டோம். ஆட்டுக்கறி பிரியாணி இல்லாம இவங்க வர மாட்டாங்க அண்ணி. புரட்டாசியில நம்ம பங்குதாரரு வீரமுத்து ஆளுங்க கறி தொட மாட்டாங்க. கார்த்திகையில ஐயப்பன் மாலை. அப்புறம் தைப்பூச விரதம். அது முடிஞ்சா நமக்குத் தவக்காலம்.”

“ஜூன்ல யாருக்கு விரதம்?”

“ஜூன்ல ஹஜ்ஜுப் பெருநாள். ஆடே கிடைக்காது.”

“கோழி போடுறது.”

“கோழியா? கம்பெனி நொடிச்சுப் போச்சுன்னு மெர்லிமாவ் ஊரு பூரா பேசுவாங்க.”

“சட்டத்துல பிரியாணின்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?”

“எழுதினவங்க இங்க வந்து ஆள் சேத்துப் பாக்கட்டும்.”

அகதா பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“இன்னிக்கே நோட்டீஸ் அனுப்புங்க. தேதி போட்ட கடிதம் ஒண்ணாச்சும் மாஜிஸ்திரேட்கிட்ட காட்ட என் கையில இருக்கட்டும்.”

மூன்றாவது இயக்குநர் நாகமுத்துவைக் கேட்காமல் மரியசூசை எதையும் எழுதியதில்லை. அவரைக் கைப்பேசியில் அழைத்து, அதை மேசையில் வைத்து, அண்ணிக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

“இருபத்தொரு நாளு முன்னாடி நோட்டீஸு குடுக்கணும், இல்லயா சூசை?” என்றது நாகமுத்துவின் குரல். “அப்ப வர்ற மாசம் இருபதாம் தேதி, ஞாயித்துக்கிழமை. போட்டுடு.”

மரியசூசை தேதியை எழுதினார். அகதா அதை எட்டிப் பார்த்துவிட்டு, அன்று முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இருய்யா, இரு,” என்றது கைப்பேசி. “அன்னிக்கு நம்ம பங்குதாரரு ராஜம்மா பேத்திக்குச் சடங்கு. அங்க ரெண்டு ஆடு வெட்டுறாங்க. உன் கூட்டத்துக்கு எவன் வருவான்? அதுக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்லா.”

மரியசூசை அண்ணியைப் பார்க்கவில்லை. எழுதிய தேதியின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

“தம்பி, ஏன் கூட்டம் வைக்கலன்னு வியாழக்கிழமை அங்க கேப்பாங்களே, ஆடு கிடைக்கலன்னு நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே வந்து சொல்றீங்களா?”