வால் டீச்சர் வீட்டுப் பக்கம்

பையின் ஜிப் பாதி வழியில் சிக்கிக்கொண்டு அடம்பிடித்த நேரத்தில்தான் தெருமுனையில் அந்த ஹாரன் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பையை அப்படியே கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ரேடியோ வாசலுக்கு ஓடினாள்.

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தபால்காரர் மட்டும்தான் உபயோகிப்பார். "எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்க, அணைக்கறதுக்குப் பொத்தான் வைக்க மறந்துட்டாங்க" என்று எதிர்வரிசை மேஸ்திரி ஒருநாள் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. ரேடியோ கேட்பதற்குத்தானே எல்லாரும் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

அவள் புருஷன் ஊசி. ஆளும் அப்படித்தான் இருப்பான், தொழிலும் அதுதான். பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குண்டூசியுமாகத் தெருமுனைக் கடையில் உட்கார்ந்திருந்தவன். வாயில் குண்டூசியை வைத்திருப்பவன் என்ன பேசுவான்? "ம்" என்பான். கை லூசாக இருக்கிறது என்றாலும் "ம்", தலைபோகிற அவசரம் என்றாலும் "ம்". ரெடிமேட் கடைகள் வந்து தையல் மெஷினில் தூசி படிய ஆரம்பித்தபோது, நாற்பது வயதில், யாரிடமும் சொல்லாமல் போய்ப் பெரிய லாரிக்கு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மிதிமெஷினை மிதித்த காலால் கிளட்ச் மிதிக்கப்போகிறானாம் என்று தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரேடியோவும் சிரித்தாள், பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அது தெருவுக்குத் தெரியாது. அவள் ஒலிபரப்பாத ஒரே செய்தி அது.

இப்போது அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று மாதம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். விழுந்தால் திரும்பி வர வேண்டியதுதான், ஆனால் எதற்குத் திரும்பி வருவது? மெஷினை விற்றுத்தான் லைசென்ஸ் எடுத்திருந்தான்.

தினமும் ராத்திரி எங்காவது வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் சாய்ந்துகொண்டு ஃபோன் பண்ணுவான். அவள் அன்றைக்குத் தெருவில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். அவன் "ம்" கொட்டுவான். போன வாரம் ஒருநாள், எல்லாச் செய்தியும் தீர்ந்த பிறகு, அவளுக்கே கூச்சமாக இருந்தது, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டுவிட்டாள்: "ஏங்க, எனக்கும் ஒருதடவை அந்த லாரில வரணும் போல இருக்கு. உங்க பக்கத்து சீட்ல. அடுத்த தடவை இந்தப் பக்கம் வரும்போது கூட்டிட்டுப் போறீங்களா?"

"ம்" என்றான்.

அவளுக்கு அந்த "ம்" முத்திரை குத்திய பத்திரம். ஞாயிற்றுக்கிழமை இந்த வழியாகத்தான் லோடு போகிறது, வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறேன் என்று அவன் சொன்னதும் புது டவல் வாங்கினாள். மாமியாரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதமும் வாங்கிவிட்டாள். அவனிடம் ஞாபகப்படுத்தவில்லை. அவனாகக் கூப்பிட வேண்டும். அந்த அளவுக்காவது ரோஷம் வேண்டாமா?

லாரி தெருவுக்குள் வந்த அழகைச் சொல்ல வேண்டும். முகப்பு நீலம், கழுவித் துடைத்துப் பளபளவென்று. பின்னால் வெள்ளைப் பெட்டி, வீடுகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தது, முடியவே மாட்டேன் என்றது. உச்சியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி. "அப்பாடா! எங்கப்பாடா!" என்று மகள் கூடவே ஓடினாள். மருந்துக்கடைக்காரர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். தெருமுனை வீட்டு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட் அருகே நின்றார். ஓய்வு பெற்றும் அந்தக் கை அவிழவில்லை. ஊசி ஒரு கையைத் தூக்கி, ஊருக்கே பொதுவாக ஆட்டினான்.

நேராகத் தெருக்கோடிக்குப் போனான். அங்கே காலிமனை இருக்கிறது, அதில் வளைத்துத் திருப்பிக்கொண்டு வரலாம் என்பது கணக்கு. கோடியில் போய் பிரேக் போட்டான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். காலிமனை இல்லை. ஆள் உயரத்துக்குச் சுவர் இருந்தது, சிமெண்டின் ஈரம்கூடச் சரியாகக் காயாமல்.

இறங்கி வந்து ரேடியோவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "ஊர் வம்பெல்லாம் சொல்றே. இங்க சுவர் எழுப்பினத சொல்ல மாட்டியா?"

"சொன்னேனே. மருந்துக்கடைக்காரர் மனைய வாங்கிட்டாரு, மேஸ்திரிதான் சுவர் கட்டறாருன்னு. நீங்க 'ம்'னீங்க."

"எப்போ?"

"வியாழக்கிழமை. எல்லாம் பேசி முடிச்சு, கடைசில."

"கடைசிலயா?" ஊசி தலையைச் சொறிந்தான். "கடைசில நான் தூங்கிடுவேனே. படுத்துக்கிட்டு உன் குரலக் கேட்டா எனக்குக் கண்ணு சொக்கிடும். தூக்கத்துலயும் 'ம்' வருமாம், அம்மா சொல்லுவாங்க."

ரேடியோவின் முகத்தில் இருந்த வெளிச்சம் பொசுக்கென்று போனது. சுவரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. இன்னொரு "ம்" இருக்கிறதே, அதுவும் கடைசியில் வந்ததுதான். ஆக, பத்திரம் செல்லாது. கதவுக்குப் பின்னால் ஜிப் போடாத பை நினைவுக்கு வந்தது. புது டவலும்.

ஆனால் அதற்கு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அத்தனை நீள வண்டி, இனி பின்பக்கமாகவே தெரு முழுக்கப் போய் மெயின் ரோட்டில் ஏற வேண்டும். சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? மேஸ்திரி ஒரு பக்கம் "வா வா வா" என்றார். மருந்துக்கடைக்காரர் மறுபக்கம் "ஒடி ஒடி" என்றார். எந்தப் பக்கம் ஒடிப்பது என்று அவருக்கும் தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பெட்டியின் வால் எதிர்ப்பக்கம் போகும் என்பதை ஊசி பாவம் இரண்டு மாதமாகத்தான் பழகியிருக்கிறான். எட்டுப் பேர் கத்தக் கத்த, வால் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்கள் பக்கம் சாய்ந்தது. "போச்சு, மறுபடி ஜாக்கெட்தான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அதுதான் ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றாள். ரேடியோ இப்படிக் கேட்டது தெருவுக்கே புதுசு, அதிர்ச்சியில் மூடிக்கொண்டார்கள். வண்டிகளை எடுக்கச் சொன்னாள், பூந்தொட்டிகளை உள்ளே வைக்கச் சொன்னாள். லாரியின் வாலுக்குப் பின்னால் போய் நின்று அவனுக்கு ஃபோன் போட்டாள். இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க பாருங்க. இடது வலதெல்லாம் வேண்டாம், எனக்குக் குழம்பும். இந்த வரிசை டீச்சர் வீட்டுப் பக்கம், அந்த வரிசை மேஸ்திரி வீட்டுப் பக்கம். வால் எங்க போகணும்னு நான் சொல்றேன், ஸ்டியரிங் உங்க பாடு."

"ம்."

"அந்த 'ம்'மே ஆகாது! நான் சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லணும். வால் டீச்சர் வீட்டுப் பக்கம் கொஞ்சம்."

"வால் டீச்சர் வீட்டுப் பக்கம் கொஞ்சம்."

வால் அசைந்தது. ஸ்கூட்டர் நின்ற இடத்தை விட்டு விலகி, பசு திரும்புவது போல மெல்ல டீச்சர் வீட்டுப் பக்கம் வந்தது.

"போதும். இப்ப நேரா."

"போதும். இப்ப நேரா."

நாலைந்து வீடு தாண்டியதும் இரண்டு பேருக்கும் தாளம் சேர்ந்துவிட்டது. தாளம் சேர்ந்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு மாசமா நான் தொண்டத் தண்ணி வத்தப் பேசியிருக்கேன். ஒண்ணாவது காதுல ஏறியிருக்கா உங்களுக்கு?"

"ஏன் ஏறல? தூங்கறவரைக்கும் எல்லாம் ஏறியிருக்கு" என்றது ஸ்பீக்கர், இன்ஜினையும் மீறி. "வால் டீச்சர் வீட்டுப் பக்கம்தானே? உடம்ப இளைக்கறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, ராத்திரி பிஸ்கட் டின்னோட மாடிக்குப் போறாங்களே, அந்த டீச்சர்."

தெரு டீச்சரைப் பார்த்தது. டீச்சரின் கட்டிய கை முதல்முறையாக அவிழ்ந்தது.

"ஏங்க, ஏங்க..."

"மேஸ்திரி கதையும் தெரியும். சம்சாரம் ஊர்ல இல்லாத ராத்திரி சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சொந்தக் கையால கட்டின வீட்டுக்குள்ள போக வழி தெரியாம, விடியறவரைக்கும் காருக்குள்ள படுத்துக் கிடந்தாரு. மருந்துக்கடைக்காரரு தலைவலின்னா மாத்திரையே போட மாட்டாராம், ஈரத் துண்டக் கட்டிக்குவாராம்."

"போதுங்க! போதும் போதும்!"

"போதும் போதும்" என்று கீழ்ப்படிந்து திருப்பிச் சொல்லிவிட்டு, ஊசி பிரேக் போட்டு வண்டியை நிறுத்தினான்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. மேஸ்திரி சம்சாரமாகத்தான் இருக்கும். அவள் புருஷன் காரில் தூங்கிய விஷயம் அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். டீச்சர் மட்டும் விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரேடியோவுக்குக் காது வரை சூடேறியது. ஆனால் அந்தச் சூட்டுக்கு அடியில் வேறு ஒன்று குளுகுளுவென்று ஓடியது. பிஸ்கட் டின்னைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறான், மனுஷன்.

தெருமுனையில், கடைசி வீடு டீச்சருடையது. கேட் தூணின் மேல் உருண்டையாக ஒரு கண்ணாடி விளக்கு. அங்கேதான் வாலை மடக்கி மெயின் ரோட்டில் ஏற்ற வேண்டும். மேஸ்திரி, காரில் தூங்கினவர்தான் என்றாலும் நல்ல மனுஷர், ரோட்டின் நடுவே போய் இரண்டு கையையும் விரித்து வண்டிகளை நிறுத்தினார். பெட்டியின் மூலை விளக்கை நோக்கி வந்தது. இன்னும் வந்தது. ரேடியோ வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்படி ஆனதில்லை.

லாரி தானாக நின்றது. மூலைக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், சுண்டுவிரல்தான்.

"என்ன, சத்தத்தக் காணோம்?" என்றது ஸ்பீக்கர்.

"நான் சொல்லவே இல்லையே, எப்படி நிறுத்துனீங்க?"

"நீ பேசறது நின்னா, கால் தன்னால பிரேக்குக்குப் போவுது."

கொஞ்சம் முன்னால் எடுத்து, மறுபடி மேஸ்திரி வீட்டுப் பக்கமாக வாலை விட்டு, ஒருவழியாக லாரி மெயின் ரோட்டில் ஏறி ஓரமாக நின்றது. ஊசி இறங்கி வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான், தைத்த துணியில் பிசிறு தேடுகிறவன் போல. ஒரு கீறல் இல்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குள் வர நேரமில்லை, லோடுக்கு நேரமாகிவிட்டது. "வரேன்மா" என்று அவன் பொதுவாகச் சொன்னபோது, ரேடியோ "பார்த்துப் போங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது ஒன்றே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அப்போதுதான் மாமியார், ஜிப் திறந்த பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"டேய், இவள விட்டுட்டா போறே? ஒரு வாரமா பைய எடுத்து வெச்சுட்டு, தூக்கத்துலகூட டவல மடிக்கறா."

"எதுக்கு?"

"எதுக்கா? கூட்டிட்டுப் போறேன்னு 'ம்'னியாமே!"

ஊசி ரேடியோவைப் பார்த்தான். அவள் லாரியின் சக்கரத்தைப் பார்த்தாள். "விடுங்க அத்தை. அவரு தூங்கிட்டாரு."

ஊசி மகளைத் தோளிலிருந்து இறக்கினான். ஃபோனை எடுத்து ஆபீசுக்குப் போட்டான். பக்கத்து சீட்டில் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம், சொல்லிவிட்டு ஏற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். மேனேஜரின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "எங்க நிக்கறே?" "மெயின் ரோட்டுல சார்." அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான். "கூட யாரு, சம்சாரமா? நல்லாப் பேசுவாங்களா? ஓட்டும்போது தூக்கம் வராம இருக்கும்."

தெரு முழுக்கச் சிரித்த சிரிப்பில் மேனேஜர் பயந்து ஃபோனை வைத்துவிட்டார்.

"நான் பேசினா நீங்க தூங்கிடுவீங்களே" என்றாள் ரேடியோ.

"அது படுத்தாத்தான். ஸ்டியரிங்க பிடிச்சா நான் வேற ஆளு. ஏறு."

ஏறுவது லேசில்லை. படி இடுப்பு உயரத்தில் இருந்தது. மேஸ்திரி சம்சாரம் கீழிருந்து தள்ள, ஊசி மேலிருந்து இழுக்க, மகள் "பாட்டிகூட நான் சமத்தா இருப்பேன், நாளைக்கழிச்சு திரும்பி வரும்போது எனக்கு என்ன வாங்கிட்டு வருவே?" என்று பேரம் பேச, ஒருவழியாக சீட்டில் போய் விழுந்தாள். பை மடியில். கதவு சாத்திக்கொண்டது. நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவள், அப்படியே உறைந்துபோனாள்.

தெரு முழுக்கக் கீழே இருந்தது. இத்தனை வருஷம் குதிகாலை உயர்த்தி, கழுத்தை நீட்டி, துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்த சுவர்கள் எல்லாம் அவள் முழங்காலுக்குக் கீழே, திறந்துபோட்ட பெட்டிகளாகக் கிடந்தன. டீச்சர் வீட்டுச் சுவருக்கு உள்பக்கம், கோபித்துக்கொண்டு போன டீச்சர், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேராக முட்டிக்கொண்டன. வாளி லேசாக ஆடியது. என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் ஒரு கையைத் தூக்கி மெல்ல ஆட்டினார்.

ரேடியோவும் ஆட்டினாள். லாரி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது.

"ஏங்க, டீச்சர் வாளி மேல ஏறி நிக்கறாங்க."

"டீச்சர் வாளி மேல ஏறி நிக்கறாங்க" என்றான் அவன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கியரை மாற்றியபடி.