கறிமஞ்சள் பூசிய முகம்

அந்த ஒரு வாரத்தில் அரீபாவின் முகத்தில் பதுருன்னிசா பூசாத பொருள் என்று அடுப்படியில் ஒன்று இருந்ததென்றால் அது கருவாடுதான். அதற்கும் எவளாவது ஒரு வீடியோ போட்டிருந்தால் அதையும் மிக்ஸியில் போட்டு அடித்திருப்பாள். திங்கட்கிழமை தக்காளியும் சர்க்கரையும். செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்குச் சாறு. புதன்கிழமை தயிரும் காபித்தூளும். வியாழக்கிழமை பப்பாளி, வெள்ளிக்கிழமை முட்டையின் வெள்ளைக்கரு. வீட்டில் ரசத்துக்குத் தக்காளி இல்லை, மோர்க்குழம்புக்குத் தயிர் இல்லை. கேட்டால், "ஒரு வாரம் வாயக் கட்டினா செத்தா போயிடுவீங்க?" என்று பதில் வரும். அரீபாவைப் பெற்ற அத்தா கலீலுல்லா வாயில்லாப் பூச்சி. கைலிக் கடையிலிருந்து மத்தியானம் வந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்.

பதுருன்னிசா அரீபாவின் பெரியம்மா. அரீபாவுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா மவுத்தாகிவிட, தங்கை மகளைப் பார்த்துக்கொள்ள என்று மூலக்குளத்து வீட்டுக்கு வந்தவள், பதினான்கு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். அவள் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாசத்துக்கு மூளை என்று ஒன்று இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு போட்டோ. அரீபா கறுப்பு. வீட்டில் யாருக்கும் அந்தச் சொல் வாயில் வராது. 'மாநிறம்' என்பார்கள். 'களையான முகம்' என்பார்கள். கறுப்பு என்று சொல்லிவிட்டால் ஏதோ கெட்ட செய்தி சொன்ன மாதிரி. கருவடிக்குப்பத்திலிருந்து ரிஹானின் சம்பந்தம் வந்தபோது, பதுருன்னிசா தன் போனில் அரீபாவைப் படமெடுத்து, அந்தப் போனிலேயே ஏதோ ஒரு பொத்தானை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்து, பால்கோவா நிறத்தில் ஒரு பெண்ணை உண்டாக்கி அனுப்பிவைத்தாள். அந்தப் பால்கோவாவைப் பார்க்கத்தான் ரிஹானின் அம்மாவும் அக்கா லமீஸும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். போட்டோவை இனிமேல் திருத்த முடியாது. ஆகவே முகத்தைத் திருத்த வேண்டும். அதற்குக் கையில் ஆறு நாள்.

"எல்லாம் நேச்சுரலுடி. கெமிக்கலே கெடயாது" என்று ஒவ்வொரு கிண்ணத்தோடும் வந்து நிற்பாள்.

"உருளைக்கிழங்கு மூஞ்சிய வெளுக்க வைக்கும்னா, அது ஏன் பெரியம்மா தன் தோல வெளுக்க வச்சிக்கல?" என்று அரீபா கேட்பாள்.

"வாய் மட்டும் எட்டூருக்கு நீளுது. கண்ண மூடு."

அரீபா கண்ணை மூடிக்கொள்வாள். அதுதான் வேடிக்கை. ரெட்டியார்பாளையத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், தோல் என்றால் என்ன, நிறம் எங்கிருந்து வருகிறது என்று படித்துத் தேறியவள், பப்பாளியை அப்பிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே அசையாமல் மல்லாந்து கிடந்தாள். பெரியம்மாவைப் பார்த்து அவளுக்கு எவ்வளவு இளக்காரமோ, அதைவிட ஒரு மடங்கு அதிகமாகத் தன்மேல் இளக்காரம். ஆனாலும் கிடந்தாள். ஏனென்றால் அவளுக்கு ரிஹானைப் பிடித்திருந்தது.

பிரான்ஸ் குடியுரிமை, பாரிஸுக்குப் பக்கத்தில் வேலை, இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான் என்பதெல்லாம் பதுருன்னிசாவின் கணக்கு. அரீபாவுக்குப் பிடித்தது வேறு. வீடியோவில் பேசக் கூடாது, குரலில் மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் அனுமதித்திருந்தார்கள். முதல் நாளே அவன், "டெஸ்ட் பண்ணப்புறம் மீதி ரத்தத்த என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். அதுவரை வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாயா என்றுதான் கேட்டார்கள். இவன் ரத்தத்தைப் பற்றிக் கேட்டான். மூன்று வாரமாக அவள் சொல்ல, அவன் கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கை நழுவிப் போய்விடக் கூடாது என்றுதான் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. இருந்ததிலேயே பெரிய பூச்சு அன்றைக்குத்தான். பாலாடை, கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள் என்று வீடியோவில் ஒருத்தி பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னாள். பதுருன்னிசாவுக்குக் கஸ்தூரி மஞ்சளைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த வீட்டில் மஞ்சள் முகத்துக்குப் போன வழக்கமே இல்லை. மீனுக்குப் போகும், கறிக்குப் போகும். கல்யாணம் காட்சி என்றால்கூடச் சந்தனம்தான். "மஞ்சள்ல என்ன கஸ்தூரி, கிஸ்தூரி! எல்லாம் மஞ்சள்தான்" என்று முடிவு கட்டி, கிழங்காக வாங்கிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்த கறிமஞ்சளை டப்பாவோடு எடுத்தாள். அதில் அரை ஸ்பூன் போட்டால் ஒரு சட்டிக் குருமா நிறம் மாறும். அவள் குவித்துக் குவித்து இரண்டு ஸ்பூன் போட்டாள்.

இருபது நிமிஷம் வைக்கச் சொல்லியிருந்தது. பதுருன்னிசா இரண்டு மணி நேரம் வைத்தாள். இருபது நிமிஷத்துக்கே முகம் பளிங்காகும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு என்ன ஆகும் என்பது அவள் கணக்கு.

என்ன ஆகும்? கழுவினால் மஞ்சள். சாதாரண மஞ்சளா அது! ஆட்டோவுக்கு அடித்த பெயின்ட் மாதிரி, நெற்றியிலிருந்து தாடை வரை, இரண்டு கண்ணையும் வாயையும் மட்டும் வட்டமாக விட்டுவிட்டுப் பளபளவென்று மஞ்சள். அலறிக்கொண்டு சோப்பைப் போட்டாள் அரீபா. சோப்புப் பட்டதும் மஞ்சள் செங்கல் நிறத்துக்குப் போனது. மஞ்சளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோனது. பதுருன்னிசா ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மறுபடி மஞ்சள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி ஓடிவந்தாள். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரி, தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிறவள். டப்பாவை ஒரு மோப்பம் பிடித்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் பாயம்மா, இது கொழம்பு மஞ்சளு! மூஞ்சிக்குக் கஸ்தூரி மஞ்சளில்ல பூசணும்? இது ஒட்டிக்கிச்சின்னா உட்டுப் போவாதே."

"எத்தினி நாளு ஆவும்?"

"தேங்கா எண்ணெயத் தடவித் தடவித் தொடச்சா, மூணு நாளு. கொறையாது."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்கூட இல்லை. "வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் அரீபா. பதுருன்னிசா ஒப்புக்கொள்ளவில்லை. நாளை மாற்றினால் என்ன கோளாறு என்று தோண்டுவார்களாம். "அப்ப நெசத்த சொல்லிடுங்க, மஞ்சள் பூசினோம்னு." அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "கலருக்காகப் பூசினோம்னு சொன்னா, அப்ப போட்டோவுல இருக்கற கலரு யாரு ஊட்டுக் கலருன்னு கேப்பாங்கடி" என்றாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவளுக்கு மூளை நன்றாகவே வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மஞ்சளுக்கு மேல் மாவு மாதிரி பவுடரை அப்பினார்கள். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து, பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம் ஒன்று கண்ணாடியில் தெரிந்தது. அந்த முகத்தோடுதான் அரீபா தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

ரிஹானின் அம்மா பிரான்ஸில் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். தேநீரை வாங்கும்போது நன்றிக்குப் பதில் 'மெர்சி' என்பாள், சமோசாவில் எண்ணெய் அதிகமென்றால் மூக்கைச் சுருக்குவாள். அரீபாவைப் பார்த்ததும் மெர்சி வரவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டை விரலால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்க்கிறவனாவது பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் முதுகைத் தட்டிக் கொடுப்பான்.

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள் மகளிடம்.

"பசி எடுக்குதா ஒனக்கு? வாந்தி கீந்தி வருதா?" என்று லமீஸ் அரீபாவிடம் கேட்டாள்.

அரீபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. காமாலை என்று நினைக்கிறார்கள். வாயைத் திறக்கப் போனாள். பதுருன்னிசா முந்திக்கொண்டு, "கல்யாணப் பேச்சு வந்ததுலேர்ந்து புள்ளைக்கு ஒரே வெக்கம். அதான் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். வெட்கத்தில் மஞ்சளாகிற பெண்ணை அன்றைக்குத்தான் உலகம் கண்டது. வந்தவர்கள் பாதித் தேநீரை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சாயங்காலமே போன் வந்தது. வேறொன்றும் இல்லையாம், மனத் திருப்திக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொன்னார்களாம்.

திங்கட்கிழமை காலை, ஊரார் கையில் எல்லாம் ஊசி குத்துகிற அரீபா, தன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிற ஹேமலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரத்தம் எடுத்தாள். எண்ணெய் தடவித் தடவி முகம் பாதிக்கு வந்திருந்தது. கன்னத்தில் மட்டும் திட்டுத் திட்டாக மஞ்சள்.

"இன்னாடி இது, பொண்ணு பாக்க வந்தாங்களா, பேஷண்ட்டப் பாக்க வந்தாங்களா?" என்றாள் ஹேமலதா.

ரிப்போர்ட் வந்தது. பிலிருபின் 0.6. ஈரல் நன்றாக இருக்கிறது. அரீபா அதைப் படமெடுத்து ரிஹானுக்கே நேராக அனுப்பினாள். கீழே ஒளிக்காமல் எழுதினாள்: 'எனக்குக் காமாலை இல்லை. நான் கறுப்பு. உங்களுக்கு வந்த போட்டோ போன் வெளுத்துக் கொடுத்த போட்டோ. அந்தக் கலர் வருவதற்காகப் பெரியம்மா பூசிய கறிமஞ்சள்தான் உங்கள் வீட்டார் பார்த்தது.' அனுப்பியதும் நெஞ்சு லேசானது. அவன் சிரிப்பான், ரத்தத்தைக் கேட்டவன் இதற்கா சிரிக்க மாட்டான் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் நடுவில் போனை எடுத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவன் கூப்பிட்டான்.

"ரிப்போர்ட் பாத்தேன். அல்ஹம்துலில்லாஹ். அம்மாவுக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சு" என்றான். சிரிக்கவும் செய்தான். "கறிமஞ்சளா! லமீஸ் அக்காவுக்குச் சிரிச்சிச் சிரிச்சிப் பொரையேறிடுச்சி."

அரீபாவும் சிரித்தாள். இவ்வளவுதானா, இதற்கா இரண்டு நாளாகப் பயந்தோம் என்று தோன்றியது.

"அப்புறம், அம்மா ஒண்ணு சொன்னாங்க" என்றான். "மஞ்சள் எல்லாம் போனப்புறம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா? பவுடர் இல்லாம. பகல்ல, வெளிச்சத்துல நின்னு."

"அம்மாவுக்கு மட்டுந்தான் வேணுமா?" என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே என்று உள்ளே கெஞ்சினாள். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள்.

"எனக்கும்தான். கோவிச்சிக்காதீங்க. மொதல்ல வந்த போட்டோ பொய்யின்னு நீங்களே சொல்லிட்டீங்க. பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு."

மூன்று வாரம் பேசியதில் முடிவு பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை அவனுக்கு. அவள் குரல், அவள் வேலை, அவள் சொன்ன கதைகள், அவள் நாணயமாக எழுதி அனுப்பிய அந்த நான்கு வரி, எதுவும் போதவில்லை. வெளிச்சத்தில் நின்று தோலைக் காட்ட வேண்டும். அரீபா அழுகையை விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"எங்க லேபுல ஒரு தடவதான் குத்துவோம். ஒங்களுக்குக் குடுக்க வேண்டிய சாம்பிளக் குடுத்துட்டேன். இன்னொண்ணு கெடையாது. வச்சிடுறேன்."

வைத்துவிட்டாள். அவன் மறுபடி கூப்பிடவில்லை.

அடுப்படி வாசலில் பதுருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"அறிவு இருக்காடி ஒனக்கு? போட்டோதான கேட்டான்? உசுரையா கேட்டான்? ஒரு நல்ல எடத்த இப்பிடி எட்டி ஒதைக்கிறியே! கட்டிக்கப் போறவன் கலரு என்னன்னு கேட்டா அதுல இன்னா தப்பு?"

"தப்பில்ல பெரியம்மா" என்றாள் அரீபா. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். "அவரு நேத்து வந்தவரு. ஒரு தடவதான் கேட்டாரு. நீங்க என்னய வளத்தவங்க. ஆறு நாளா, தெனமும் ஒரு கிண்ணத்தோட வந்து கேட்டீங்க."

பதுருன்னிசா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.