உள்பக்கத்து முடிச்சு

கலாவதிக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் தொப்பியில் மிஞ்சியது, வாசல் தோரணத்தில் மிஞ்சியது என்று உல்லன் நூல் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன. அடுத்த வீட்டில் இருக்கும் தோழி கண்மணிக்குக் காலுறை பின்ன நினைத்தபோதும் அந்த டின்னைத்தான் திறந்தாள்.

கண்மணிக்கு இனிப்புநீர் வியாதி; சிறுநீரகமும் கெட்டிருந்தது. வாரம் மூன்று நாள் ரவாங் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போய், நாலு மணி நேரம் ஏர்கோனில் விறைத்துக் கிடப்பாள். பாதம் இரண்டும் மரத்துப்போன பிறகும் குளிர் மட்டும் எப்படியோ எலும்பில் ஏறியது. அளவெடுக்க வேண்டிய அவசியமே கலாவதிக்கு இல்லை. ராசா டவுன் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்த இருவரும், ஒரே ஜோடிச் சப்பாத்தைக் காலைப்பள்ளிக்கு ஒருத்தி, மாலைப்பள்ளிக்கு ஒருத்தி என்று மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தவர்கள்.

எல்லாம் துண்டு நூல். ஐந்தாறு வரிக்கு ஒருமுறை தீர்ந்துபோனது. அடுத்த துண்டை முடிச்சுப் போட்டு, இறுக்கி, நுனியை ஒட்ட வெட்டினாள். வெளியே ஒரு முடிச்சு தெரிந்தாலும் அது கலாவதியின் பின்னல் இல்லை. அத்தனையையும் உள்பக்கம் தள்ளினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

கண்மணி அதைப் போட்டுக்கொண்டு போய் நர்ஸ்களிடமெல்லாம் காட்டினாளாம். தூங்கும்போதும் கழற்றவில்லை.

மூன்று வாரத்தில் வலது கட்டைவிரலுக்கு அடியில் புண். நாற்றம் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. செருப்பில் கல் கிடந்ததா, ஆணி ஏதும் குத்தியதா என்று டாக்டர் கேட்டார். தோழிகள் இருவரும் யோசித்துப் பார்த்து இல்லை என்றார்கள். முதலில் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாமே போனது.

கண்மணி வீடு திரும்பிய அன்று, ஆஸ்பத்திரி அழுக்குத் துணி மூட்டையைக் கலாவதிதான் துவைக்க எடுத்து வந்தாள். அடியில் அந்த வலது காலுறை. உள்ளே கையை விட்டுத் திருப்பினாள். கட்டைவிரல் வரும் இடத்தில் என்னவோ கையில் உறுத்தியது. மிளகு அளவு முடிச்சு. சுற்றிலும் பழுப்பாக ரத்தம் காய்ந்திருந்தது.

கல்லும் இல்லை, ஆணியும் இல்லை. தன் கைதான். ஓடுகிற குழாய்த் தண்ணீரைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். பிறகு மூட்டையை உதறிக் கொட்டித் தேடினாள். இடது காலுறை அதில் இல்லை.

ஈரக் கையோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். கண்மணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். மிச்சமிருந்த காலில் அது.

"கழட்டுடி அத."

"இருக்கட்டும் லா. நீ போட்டது, இது ஒண்ணாச்சும் கால்ல கெடக்கட்டும்."

கலாவதி மண்டியிட்டு மெதுவாக உருவினாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஐந்து சென் காசு அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் வெளுத்துப் பிரிந்திருந்தது. அவள் போட்ட கடைசி முடிச்சு சரியாக அங்கேதான் இருந்தது. சாமி, வலிக்குதுன்னு சொல்லட்டும், கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டே அந்த இடத்தை விரலால் அழுத்தினாள்.

"வலிக்குதாடி?"

கண்மணி தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏன், கழட்டிட்டியா?"