மூத்தவளும் பளிங்கு இறாலும்

வண்ணமீன் கடைக்காரியின் இரண்டாவது பெண், மூத்தவளை இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடுதான் பிறந்தாள். இடது மணிக்கட்டுக்கு மேலே, முக்கோணமாக, ஒரு முனை மட்டும் கொஞ்சம் மழுங்கி. மூத்தவள் ஐந்து வயதில், அம்மா பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்ட தழும்பு அது. இளையவளோ எந்தச் சீருடையையும் பார்த்ததில்லை. பிறந்தே கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பிரசவம் பார்த்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பழைய தழும்பு, நன்றாக ஆறியிருக்கிறது, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்தத் தழும்பு ஓர் அப்பாவி மனிதரின் மானத்தைக் காப்பாற்றியது. கடைக்காரியின் கணவன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், போனவன்தான். ஆள் இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தகவல் இல்லை. அப்படியிருக்க அவள் வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஊர் சும்மா இருக்குமா? தொட்டிகளுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் மனிதர் கடைக்கு அடிக்கடி வருவார் என்ற ஒரே காரணத்துக்காக, கண் காது மூக்கு வைத்து ஒரு கதை தயாரானது. அந்த மனிதர் தன் மனைவியையே கூட்டிக்கொண்டு வந்து தெருவில் நின்று சத்தியம் செய்தார். நாத்தனார் மட்டும் அசரவில்லை.

“என் அண்ணன் கடல்ல இருக்கான். இது எந்தத் தண்ணியில வந்ததுன்னு சொல்லுங்க அண்ணி.”

குழந்தை பிறந்ததும் நாத்தனாரே முதலில் தூக்கிப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். எந்த ஆம்பளையின் சாடையும் புதிதாக வந்து சேரவில்லை. அச்சு அசலாக மூத்தவள். மச்சம், சுழி, தழும்பு எதிலும் குறையில்லை. கண்ணாடிக்காரரின் வீட்டுக்குப் போய் அவளே மன்னிப்புக் கேட்டாள். அவள் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

கடைக்காரிக்கு மட்டும் இதில் ஆச்சரியம் இல்லை. இதே கூத்தை அவள் கடையில் ஏற்கெனவே பார்த்திருந்தாள். கடைக்கு மீன் போடும் சரக்குக்காரர் ஒருநாள் மீன் பைகளோடு, கணக்கில் சேராமல், புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வால் இறாலுடையது, முன்னால் இரண்டு கொடுக்குகள் நண்டுடையவை, உடம்பெல்லாம் பளிங்குத் தரையில் ஓடும் கோடுகள். அதனால் பளிங்கு இறால் என்று சீட்டு எழுதி ஒட்டினாள். தனித் தொட்டி, துணைக்கு யாரும் கிடையாது. சில வாரத்தில் அது வாலுக்கடியில் திராட்சைக் குலை மாதிரி முட்டைகளைச் சுமந்துகொண்டு திரிந்தது. பிறகு முட்டை இருந்த இடத்தில் குஞ்சுகள் தொங்கின. எல்லாம் பெண், எல்லாம் அதே தாய். அவையும் வளர்ந்து, எந்தத் துணையும் தேடாமல் வாலுக்கடியில் குலை தள்ளின.

வண்ணமீன் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. தொட்டியில் செத்தது குப்பைக்கு. உயிரோடு இருப்பது வாடிக்கையாளருக்கு, இல்லாவிட்டால் தண்ணீருக்கு. உயிருள்ளதைக் குப்பையில் போட எந்த மீன் கடைக்காரருக்கும் கை வராது. இவளும் மீன் தீனி வாங்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்துப் பார்த்தாள். அப்படியும் தீரவில்லை. கடைக்குப் பின்னால் ஓடிய மழைநீர்க் கால்வாயில் வாளி வாளியாகக் கவிழ்த்தாள். கால்வாய் போய்ச் சேர்வது ஊரை ஒட்டி இருக்கும் நீர்த்தேக்கத்தில். “போய்ப் பொழச்சுக்கோங்க” என்று ஒவ்வொரு முறையும் மனசாரச் சொன்னாள். அவை அவள் சொல்லைத் தட்டவில்லை.

இரண்டாவது பெண்ணுக்குப் பிறகு மூன்றாவதும் நான்காவதும் வந்தார்கள். ஊர் பழகிவிட்டது. ஒவ்வொருத்திக்கும் மாதத்துக்கொரு முறை காய்ச்சல் அடிக்கும், உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரியும், எழுந்து நின்றால் ஒரு சாண் வளர்ந்திருப்பாள். உரிந்த தோலை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளப் போவாள். அம்மா கையில் ஓர் அடி போட்டுப் பிடுங்கி எறிவாள். மூத்தவளின் உயரத்தை எட்டியதும் காய்ச்சல் நின்றுவிடும். அதற்குமேல் அவளோடு சேர்ந்து சாதாரணமாக வளர்வாள். டாக்டரம்மா நாலு பேரின் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, ஒரே ஆளை நாலு தடவை குத்திய மாதிரி இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் நாலு நிற ரிப்பன் கட்டச் சொன்னார்கள். கட்டிய அன்றே, முதல் வகுப்பு முடியும் மணி அடிப்பதற்குள் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அம்மா எல்லோரையும் குட்டி என்றே கூப்பிட்டாள், கூப்பிட்டால் நாலு தலையும் திரும்பும்.

ஆனால் அவளுக்கு மூத்தவள் மூத்தவள்தான். இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்றவளுக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று என்பதெல்லாம் வெளியே சொல்லும் பேச்சு. கணவன் போன பிறகு, வாடகை வீட்டின் ஒற்றை அறையில், அழுவதற்குக்கூடச் சத்தம் வராமல் அவள் படுத்துக்கிடந்த நாட்களில் பக்கத்தில் இருந்தது அந்த ஒருத்திதான். தூக்கம் வரும்வரை அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். சும்மா பிடிப்பதில்லை. மடலின் நுனியை மேலே மடித்து, காதுத் துளைக்குள் சொருகி, அது தானாக விரிந்து வெளியே வருவதை விரலால் தொட்டுப் பார்ப்பாள், மறுபடி மடிப்பாள். நாலு பேரில் இவள் யார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது அந்த விரலை வைத்துத்தான். படுக்கையில் அம்மாவின் பக்கத்து இடம் மூத்தவளுக்கு. மற்ற மூவரும் கால்மாட்டில், பாதத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டு, இருட்டில் அந்தக் கை காதுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை.

இதற்கிடையில் நீர்த்தேக்கத்தில் முதலில் பாசி போனது, பிறகு தவளைச் சத்தம் போனது, கடைசியில் மீன் போனது. வலை போட்டவர்கள் இழுத்தால் பளிங்கு இறால்தான் வந்தது. ஒன்றின் கொடுக்கை ஒடித்துத் திரும்பத் தண்ணீரில் எறிந்தால், கொஞ்ச நாளில் புதுக் கொடுக்கோடு அதே வலையில் வந்து உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் அதையே விற்றார்கள், ஊர் அதையே தின்றது. மதகு திறந்து மூடும் மதகுக்காரர்தான் முதலில் கரையைக் கவனித்தவர். மண் கரை முழுக்கக் கை நுழையும் அளவுக்கு வளைகள். தோள்வரை கையை விட்டும் முடிவு தட்டவில்லை. எலி வளையாக இருக்கும் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். அவர் ஒரு வளைக்குள்ளிருந்து குலை தள்ளிய இறாலை இழுத்துக்கொண்டுபோய் அவர்கள் மேஜைமேல் விட்டார். அது காகிதங்களின்மேல் நடந்து போனது.

அப்புறம்தான் ஊர்க் கூட்டம் போட்டார்கள். இன்ஜினீயர் எழுந்து, “இதை முதல்ல தண்ணியில விட்டது யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்” என்றார். எல்லோரும் அவரவர் செருப்பையே பார்த்தார்கள். ஏனென்றால் இலவசமாக வந்த இறால் எல்லார் வீட்டிலும் பெருகியிருந்தது, எல்லார் வீட்டிலிருந்தும் வாளி கால்வாய்க்குப் போயிருந்தது, ஒவ்வொரு வீடும் நாம் மட்டும்தான் ஊற்றினோம் என்று நினைத்துக் காதும் காதும் வைத்தாற்போல இருந்துவிட்டது. கடைக்காரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து சொல்லிவிடலாம் என்று கால் எழும்பியது. பக்கத்தில் இருந்த நாத்தனார் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டு வாளியும் போயிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு மாலை, பள்ளி விட்ட நேரத்தில், கரையின் ஒரு பகுதி சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. கரைமேல் போகும் பாதையில் அப்போது நடந்து வந்துகொண்டிருந்தவர்கள் கடைக்காரியின் பெண்கள் நாலு பேர்தான். மற்றப் பிள்ளைகளை அவரவர் வீட்டார் வந்து கூட்டிப்போயிருந்தார்கள். கடைக்காரியோ கடையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேர் வந்தார்கள். தலை முதல் கால்வரை சேறு, ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை. கடைக்காரி ஓடிப்போய் அவர்களைக் கட்டிக்கொண்டிருக்கலாம். நல்லவேளை நீங்களாவது வந்தீர்களே என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“மூத்தவ எங்கடி?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேற்றுக்குள்ளே கண்கள் மட்டும் தெரிந்தன. முதலில் ஒருத்தி சொன்னாள்.

“நான்தாம்மா.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவளும், “நான்தாம்மா மூத்தவ” என்றாள். மூன்றாமவள் தேம்பிக்கொண்டே அதையே சொன்னாள்.

தேடப் போனவர்கள் இருட்டியதும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்றிரவு விளக்கை அணைத்துப் படுத்ததும் மூவரும் கால்மாட்டிலிருந்து எழுந்து மேலே வந்தார்கள். காது இரண்டுதானே? ஆளுக்கொரு பக்கம் இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவள் தன் முறைக்காகக் காத்திருந்தாள். கடைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இடது காதைப் பிடித்தவள் மடலைக் கிள்ளி இழுத்தாள். வலது காதைப் பிடித்தவளும் கிள்ளி இழுத்தாள். முறை மாறி வந்தவளும் அப்படியேதான். ஒருத்திக்கும் மடிக்கத் தெரியவில்லை, சொருகத் தெரியவில்லை. கால்மாட்டிலிருந்து பார்த்தால் கை காதுக்குப் போவது தெரியும். விரல் அங்கே என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? போனது யார் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. இத்தனை வருடமாக இந்த மூன்றும் எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தன என்பதும் தெரிந்தது. இரண்டில் எது அதிகம் வலித்தது என்று அவளாலேயே சொல்ல முடியாது. அழுகை வந்தது. அழுதால் அவர்கள் தாங்கள் தவறாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அதை விழுங்கினாள்.

தண்ணீர் வடிந்ததும் மதகுக்காரர்தான் கண்டுபிடித்தார். மதகின் கம்பிச் சட்டத்தில் ஒதுங்கியிருந்தாள். பளிங்கு இறால்கள் சும்மா விடவில்லை. முகமில்லை, காதில்லை, விரல்களில்லை. முக்கோணத் தழும்பு இருந்த இடமும் இல்லை. அவர் தன் சட்டையைக் கழற்றி மேலே போர்த்திவிட்டு ஆளனுப்பினார். கடைக்காரி மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அவர்கள் அவள் கையை விடவில்லை. போலீஸ்காரர் நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இது... உங்க பொண்ணுதானேம்மா?”

“ஆமா.”

“எந்தப் பொண்ணு?”

பக்கத்தில் மூன்று கைகளும் இறுகின. சட்டைக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. அந்தப் பாதத்தைத்தான் முதன்முதலில் உள்ளங்கையில் வைத்து அளந்து பார்த்தவள் அவள். கடைக்காரி குனிந்து, சட்டையை இழுத்துப் பாதத்தை மூடினாள்.

“சின்னவ சார். கடைசிப் பொண்ணு. மூத்தவ இதோ நிக்கிறா.”

இதோ என்று அவள் யாரையும் காட்டவில்லை. மூவரும் தலையாட்டினார்கள். அப்படியாகத்தான் அவளுடைய மூத்த மகள், கடைசி மகளாக மண்ணுக்குள் போனாள். நாத்தனார் வந்து, “சின்னதுதானே அண்ணி, மனசைத் தேத்திக்கோங்க” என்று முதுகைத் தடவினாள். தெரியாமல் சொன்னாள், பாவம். கடைக்காரி அன்றைக்கே கடைத் தொட்டிகளைக் கவிழ்த்துக் காயவைத்தாள். இனிப் பிள்ளை பிறக்காது என்று ஏனோ அவளுக்குத் தெரிந்தது; பிறக்கவும் இல்லை.

கரையைக் கல் வைத்துக் கட்டினார்கள், தண்ணீர் மறுபடி ஏறியது. ஊர் கொஞ்ச காலம் இறால் தின்பதை நிறுத்தியது, அப்புறம் ஆரம்பித்தது. வேறென்ன இருக்கிறது தின்ன? அந்தக் கோடையில் இறால்கள் ஓடு உரித்து வெளியே வந்தபோது ஒவ்வொன்றின் இடது கொடுக்கிலும் முக்கோணமாக ஒரு தழும்பு இருந்தது, ஒரு முனை மட்டும் கொஞ்சம் மழுங்கி. டாக்டரம்மா சந்தையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். கொடுக்கைத் திருப்பிப் பார்த்து, முக்கோணம் தெளிவாக இருந்தால் நல்ல சரக்கு என்று வாங்கினார்கள்.

கடைக்காரி பொழுது சாய்வதற்குமுன் நீர்த்தேக்கத்துக்கு வருவாள். கல் படியில் ஒருக்களித்துப் படுத்து, இடது காது தண்ணீரில் படும்படி தலையைச் சாய்ப்பாள். மதகுக்காரர் அந்த நேரத்தில் மதகைத் திறக்க மாட்டார், வலைக்காரர்கள் அந்தப் படியை விட்டுத் தள்ளிப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் கல்லிடுக்கிலிருந்து ஓர் இறால் வரும். கொடுக்கால் அவள் காது மடலைப் பிடித்து, நோகாமல் மேலே மடித்து, துளைக்குள் சொருகி, அது விரியும்வரை காத்திருந்து, மறுபடி மடிக்கும். வருவது ஒன்றேதானா, தினம் வேறு வேறா என்று அவள் பார்ப்பதில்லை. அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். இருட்டும் நேரத்தில் எழுந்து, காதைத் துடைத்துக்கொண்டு, மூத்தவர்கள் மூவருக்கும் சமைக்க வீட்டுக்குப் போவாள்.