ஒரு விரல் கிடைக்குமா

வேதவதிக்கு வேண்டியிருந்தது ஒரு விரல். யாருடையதாக இருந்தாலும் சரி. இத்தனை பெரிய ஸ்ரீரங்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க ஒரு விரல் கிடைக்காமலா போய்விடும் என்றுதான் அவளும் நினைத்தாள். பாவம், ஊரைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல எண்ணம்.

முப்பத்தொன்பது வயதில் திருச்சி நர்சிங் ஸ்கூலில் சேர்ந்தவள் அவள். கணவர் வேணுகோபால் காலமான பிறகு அண்ணா வீட்டுக்கு வந்து, கரண்டியும் கையுமாகச் சில வருஷங்களை ஓட்டிவிட்டு, ஒருநாள் திடீரென்று படிக்கப் போகிறேன் என்றாள். அண்ணா ஹயக்ரீவன் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். "ஆஸ்பத்திரி வேலையா? நம்மாத்துப் பொம்மனாட்டியா?" என்று குதித்தார். பிறகு, "சரி, போ. ஒரு பரீட்சையில தோத்தாலும் அதோட நிறுத்திக்கணும்" என்று கண்டிஷன் போட்டார். அவள் தோற்பாள் என்பதில் மனுஷனுக்கு அப்படியொரு நம்பிக்கை!

வகுப்பில் மற்றதெல்லாம் பதினெட்டு வயதுப் பெண்கள். "வாங்க ஆன்ட்டி" என்று மரியாதையாக இடம் விடுவார்கள். விட்ட இடத்துக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். செய்முறை வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பிரஷர் பார்ப்பார்கள், கட்டுப் போடுவார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் மிஞ்சுகிறவள் எப்போதும் வேதவதிதான். அவளுக்கு ஜோடி, மூலையில் கிடக்கும் ரப்பர் பொம்மை. அதன் கைக்குக் கட்டுப் போட்டுப் போட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு 'ம்' கூடக் கொட்டாத ஜென்மம் அது.

இந்தப் பரீட்சைக்கோ அந்தப் பொம்மையும் உதவாது. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். பொம்மையிடம் ஏது ரத்தம்? "ஜோடி இல்லாதவங்க வீட்டிலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. இதுல பாஸானாத்தான் வார்டு" என்றுவிட்டார் ஆசிரியை சித்ராதேவி.

அன்று சாயங்காலமே அண்ணாவிடம் கேட்டாள்.

"ரத்தம் வந்தா நான் எப்படிக் கைங்கர்யத்துக்குப் போறது? யோசிச்சுத்தான் பேசறியா வேதா?"

மன்னி ஜாஹ்னவி, "ஊசின்னாலே எனக்கு மயக்கம் வந்துடும்" என்றாள். மூக்கின் இரண்டு பக்கமும் மின்னுகிற மூக்குத்தியோடு நின்றுதான் இதைச் சொன்னாள்! எதிர்வீட்டு ரெங்கநாயகி மாமி மட்டும் பிரியமாகப் பேசினாள். "முதல்ல நன்னா கத்துக்கோடி. அப்பறம் என் பத்து விரலும் உனக்குத்தான்."

மறுநாள் காலை பஸ்ஸில், கம்பியைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு போனாள். எத்தனை விரல்கள்! காவிரிப் பாலம் வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவிடம் கேட்டே விடுவது என்று, "ஏங்க..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்லைங்க. மணி என்ன?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. கேட்க நாக்கு எழவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூக்கூடையோடு அவளும் இறங்கிப் போய்விட்டாள்.

"யாரும் வரலையாங்க?" என்று பரீட்சை வகுப்பில் கேட்டார் சித்ராதேவி.

"வந்திருக்காங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, நோயாளிக்காகப் போட்டிருந்த ஸ்டூலில் வேதவதி தானே போய் உட்கார்ந்தாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

வலது கைக்கு மட்டும் கையுறை மாட்டிக்கொண்டாள். அது நர்ஸின் கை. இடது கை நோயாளியின் கை. விரலைப் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, நுனியின் ஓரத்தில் குத்தினாள். ரத்தம் எட்டிப் பார்த்ததும் ஸ்ட்ரிப்பில் வைத்தாள். மெஷின் கீச்சென்று கத்தி எண்ணைக் காட்டியது. ஒரு தப்பில்லை.

சித்ராதேவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரிங்க. ஆனா பேஷண்ட்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே. வலிக்குதான்னு கேக்கணும். அதைக் கேக்காம எப்படிப் பாஸ் போடறது?"

"என்கிட்ட நானேவா மேடம்?"

"பேஷண்ட் வந்திருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

மறுபடியும் சிரிப்பு. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இதில் கோட்டைவிட்டால் மறுபடி அண்ணா வீட்டு அடுப்படிதான் கதி. குனிந்து இடது கையைப் பார்த்தாள்.

"வலிக்கறதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. கணவர் போனபோது எல்லோரும் வந்தார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். இனிமேல் எங்கே இருக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். இதை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

"வலிக்கறது" என்றாள். "ரொம்ப வலிக்கறதும்மா."

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்க ஒரு கையும் சும்மா இல்லை. சிரிப்பு நின்றுபோயிற்று.

சித்ராதேவி பாஸ் என்று எழுதினார். "திங்கக்கிழமையிலேர்ந்து வார்டுக்கு வாங்க" என்றார். பிறகு மாணவிகள் பக்கம் திரும்பி, "யாராவது அவங்க விரல்ல பஞ்சை வச்சுப் பிடிங்கம்மா" என்றார்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யார் போவது என்று அவர்கள் முடிவு செய்வதற்குள், வேதவதியே பஞ்சை எடுத்து வைத்து அழுத்திக்கொண்டாள்.